லாக்கரில் நார்த்தங்காய்

லாகர் காய்ச்சுவது காத்திருக்கும் வேலை. பொறுமை இல்லாதவன் அதில் இறங்கக் கூடாது. எனக்குப் பொறுமை கிடையாது. இறங்கினேன்.

சிங்கப்பூரில் ஒரு பீர் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். குளிர் அறையில் தொட்டி கழுவுவது, சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வது. 'லாகர்' என்றால் ஜெர்மன்காரன் பாஷையில் கிடங்கில் போட்டு வைப்பது என்று சூப்பர்வைசர் சொன்னான். நம் பாஷையில் கிடப்பில் போடுவது. பீர் குளிரில் சும்மா கிடக்கும். கிடக்கக் கிடக்க ருசி. நான் சும்மா கிடக்கவில்லை. குடித்தேன். ஆவூர்ப் பக்கம் ஊருக்குத் திரும்பி வந்தும் குடித்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் திருச்சி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஈரல் பாதி போச்சு, இனி ஒரு சொட்டு தொட்டால் மீதியும் போகும் என்றார். விட்டேன்.

நான் விட்டேன். நாக்கு விடவில்லை. போதை வேண்டாம், அந்தக் கசப்பும் நுரையும் வேண்டும். போதை இல்லாத பீருக்கு ஒரு வழி உண்டு. தானியக் கஷாயத்தை ஐஸ் பதத்தில் வைத்து அதில் ஈஸ்டை விட வேண்டும். அந்தக் குளிரில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னாது. மணத்தை மட்டும் மாற்றிவிட்டு அரைத் தூக்கத்தில் கிடக்கும். இரண்டு நாளில் வடிகட்டி, சுட வைத்து, அதன் கதையை முடித்துவிட வேண்டும். நடுவில் சூடு ஏறினால் ஈஸ்ட் முழித்துக்கொள்ளும். முழித்தால் சாராயம்தான். டாக்டரிடம் இதைச் சொல்லி, குடிக்கலாமா என்று கேட்டேன். "சாராயம் அதுல இல்லைன்னா சரி. இருந்தா நீங்க இல்லை" என்றார்.

வீட்டுக்காரி ஆரோக்கியமேரி பேச்சோடு நிற்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை மாட்டினாள். இரண்டு சேலை, ஜெபமாலை, பிரஷர் மாத்திரை. "ஒரு சொட்டு சாராயம் இந்த வீட்டுக்குள்ள இருந்தா கீரனூர்ல திருச்சி பஸ் ஏறிருவேன். மக வீட்டுலேருந்து திரும்ப மாட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். அதோடு, நான் விட்ட நாளிலிருந்தே தினமும் சாயங்காலம் எதிரே வந்து நின்று, "ஊதுங்க" என்பாள். ஊதுவேன். ரோட்டில் மடக்குகிற போலீஸ்காரன்கூட ஞாயிற்றுக்கிழமை விட்டுவிடுவான். இவள் பூசை முடிந்து வந்தும் ஊதச் சொல்வாள்.

வீட்டில் எதையாவது ஊறப்போட்டுவிட்டு, குடும்பத்தின் சந்தேகத்தில் தானும் சேர்ந்து ஊறிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முளைக்காத பார்லி

பீருக்கு முளைகட்டிய பார்லி வேண்டும். கம்பெனியில் அது மூட்டையாக வரும். எங்கே, யார் முளைகட்டினார்கள் என்று நான் கேட்டதில்லை. என் வேலை குளிர். கீரனூரில் மளிகைக் கடையில் இரண்டு கிலோ பார்லி வாங்கினேன். பச்சைப் பயறு மாதிரி ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் தண்ணீர் தெளித்தேன். மூன்றாம் நாள் வாடை வந்தது. முளை வரவில்லை. நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பூனைகூட அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு போனது.

துணி மூட்டையோடு கடைக்குப் போய், செத்த சரக்கைக் கொடுத்திருக்கிறாய் என்று சத்தம் போட்டேன். கடைக்காரர் ஒரு மணியை எடுத்து நசுக்கிப் பார்த்தார். உமி நீக்கி, மேல்தோல் சீவி, முனை மழுங்க அரைத்து எடுத்த பார்லியாம் அது. கஞ்சிக்கு மட்டும்தான் ஆகும். பிறகு பெங்களூரிலிருந்து பார்சலில் வரவழைத்தேன். ஆனால் அன்றைக்குக் கடையில் நின்ற ஏழெட்டுப் பேர் முன்னால் அவர் சொன்னது: "முளைக்கலைன்னா என்னங்க, வேகவச்சு வடிச்சுக் குடிங்க. ஒங்க வயசுக்கு நல்லா நீர் பிரியும்."

பங்குச் சாமியாருக்கு ஆப்பம்

லாகர் ஈஸ்ட் சாதாரண ஈஸ்ட் அல்ல. குளிர் தாங்கும் சாதி. அதுவும் பார்சல்தான். சின்னப் பொட்டலம். ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அதனால் பட்டது கொஞ்சமல்ல.

ஒரு காலையில் பங்குச் சாமியார் வீட்டை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்க வந்தார். மேசையில் ஆப்பம், தேங்காய்ப்பால். ஆப்பம் நடுவில் பஞ்சு மாதிரி உப்பி, ஓரம் சரிகை மாதிரி முறுகலாக இருந்தது. சாமியார் ஐந்து சாப்பிட்டார். நானும் நாலு சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். முட்டைக்குப் பக்கத்தில் இடம் காலி. பொட்டலம் வரப் பதினாறு நாள் காத்திருந்தேன். சாமியார் இருக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டேன். ஆரோக்கியமேரி கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "சாராயமாப் போக வேண்டியது சாமியார் வயித்துல ஆப்பமாப் போச்சு. ஒங்க பாவத்துல பாதி கழிஞ்சுதுன்னு நெனச்சுக்குங்க."

ஐஸ் பெட்டி

அடுத்த ஈஸ்ட் பொட்டலம் வந்தது. இருபது லிட்டர் டிரம் ஃபிரிட்ஜுக்குள் போகாது. சித்திரை வெயில். சுவரைத் தொட்டால் கை சுட்டது. மணமேல்குடியிலிருந்து கீரனூருக்கு மீன் கொண்டுவருகிற சேகரிடம் ஒரு பழைய மீன் பெட்டியும் ஐஸ் கட்டியும் கேட்டேன். நல்ல பையன். நாலு தடவை கழுவித்தான் கொடுத்தான். நானும் புளி போட்டு நாலு தடவை கழுவினேன். டிரம்மைச் சுற்றி ஐஸை உடைத்துப் போட்டு, மேலே சாக்கைப் போர்த்தி, இரண்டு நாள் காவல் இருந்தேன். சூடு ஏறவில்லை. பதம் சரியாக வந்தது.

வடிகட்டினேன். நிறம் பொன். மேலே, மணத்துக்குப் போட்ட நார்த்தங்காய் வாசனை. அதற்கு அடியில் வேறு ஒன்று. என் நாக்கில் கோளாறா என்று தெரியவில்லை. மறுநாள் ஐஸ் போட வந்த சேகரிடம் ஒரு கிளாஸ் நீட்டினேன். அவன் குடித்தான். கிளாஸைத் தள்ளி வைத்தான். பிறகு ஆளுக்கு மரியாதை கொடுத்தே சொன்னான்: "பெரியவரே, வஞ்சிர வாடைன்னாலும் கவுரவமா இருக்கும். இது காரப்பொடி மீன் வாடை. வெளிய யாருக்கும் குடுத்துறாதீங்க."

லாக்கர்

மீன் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூடிப்போன ஒரு ஐஸ்கிரீம் கடையிலிருந்து குளிர்ப்பெட்டி வாங்கினேன். மேலே மூடி, பக்கத்தில் பூட்டு. வண்டியில் கொண்டுவந்து இறக்கியதைத் தெருவே பார்த்தது. அன்று திருச்சி மகளுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னேன். போனில் நான் மெதுவாகப் பேச மாட்டேன். "லாகர் உள்ள வச்சுட்டேன். பூட்டிட்டேன். ரெண்டு நாளைக்கு யாரும் தொறக்கக் கூடாது. சாவி என் இடுப்புல இருக்கு."

மறுநாள் காலையில் அடுத்த வீட்டுப் பழனியம்மாள் வந்தார். முந்தானைக்குள் ஒரு மஞ்சள்தூள் டப்பா. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். திறந்தால் ஒரு ஜோடி தோடு, மூக்குத்தி, நாலாக மடித்த வயல் பத்திரம். மருமகள் கண்ணில் படாமல் வைக்க இடமில்லையாம். "ஒங்க வீட்டு லாக்கர்ல ஒரு ஓரமா வச்சுக்குங்கண்ணே" என்றார். லாக்கர் இல்லை, லாகர் என்றேன். "அதான் நானும் சொல்றேன், லாக்கர்" என்றார். மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அவர் தலையை ஆட்டிக்கொண்டு டப்பாவை என் பக்கம் தள்ளினார். பொறுமை போய்விட்டது. இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்து காட்டினேன். டிரம், புகை மாதிரி குளிர், டிரம்மைச் சுற்றி மீதமிருந்த சேகரின் மீன் ஐஸ். பழனியம்மாள் குனிந்து பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு டப்பாவை மறுபடி முந்தானைக்குள் செருகினார். "லாக்கருன்னு நம்பி வந்தேன். இதுல வச்சா என் தோட்டைத் தேடி மருமக வரமாட்டா, பூனைதான் வரும்."

வெள்ளைச் சட்டை

நார்த்தங்காயில் பச்சைத் தோல் மட்டும்தான் வேலைக்கு ஆகும். அதற்கு அடியில் இருக்கிற வெள்ளைச் சதை ஒட்டினால், பீர் கசப்பு வேறு, மருந்துக் கசப்பு வேறு என்று தெரியும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று டிரம் ஆயிற்று. கொல்லையில் நிற்கிற மரத்துக் காயைத் துருவியில் மெல்லத் தேய்த்து, பச்சை மட்டும் எடுத்து, குளிர் இறங்கிய பிறகு துணியில் கட்டிப் போட்டேன். வாசனை நின்றது.

அடுத்த சிக்கல் நுரை. அதற்கு கேஸ் அடைக்க வேண்டும். கீரனூர் கோலி சோடாக்கடை ராசுவிடம் கொண்டுபோனேன். ராசு பாட்டிலைச் சோடா மெஷினில் மாட்டி, சோடாவுக்கு அடிக்கிற அதே அளவு அடித்தார். கோலிக்குண்டு மேலே ஏறி அடைத்தது. எனக்கும் திருப்தி. சரியாக அந்த நேரம் திருச்சி பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், ஆபீசுக்குப் போகிற வெள்ளைச் சட்டை, தாகம் என்று வந்தார். புதுச் சரக்கு, காசு வேண்டாம், ருசி சொல்லுங்க என்று ராசு ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் கட்டைவிரலால் கோலியை அமுக்கினார். தானியச் சாறு தண்ணீர் மாதிரி இல்லை, நுரைத்தால் நிற்காது. நாங்கள் அதை யோசிக்கவில்லை. பாட்டில் காலியாகும்வரை பீறிட்டது. மூக்குக் கண்ணாடி, சட்டை, டிபன் பை. ஒரு சொட்டு அவர் வாயில் போகவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "ஆபீசுல மேனேஜருக்கு எனக்குக் குடிப்பழக்கம் இல்லைன்னு தெரியும். இப்ப என் சட்டைக்கு இருக்கே, என்ன சொல்றது?"

ஸ்டேஷனிலிருந்து வந்தவர்

அந்தச் சட்டை பஸ்ஸில் போன வழியெல்லாம் மணந்திருக்கிறது. பேச்சு பரவி, ஒரு வாரத்தில் ஏட்டு ஒருவர் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார். ஆரோக்கியமேரி அவருக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, என்னைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துகொண்டாள். நான் எதையும் ஒளிக்கவில்லை. பெட்டியைத் திறந்தேன். டிரம்மைக் காட்டினேன். கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தேன். பச்சை உருண்டைகள். ஏட்டு முகர்ந்து பார்த்து, முகம் மாறி, "இது என்ன எலை?" என்றார். கஞ்சா இல்லை, ஒரு கொடியின் பூ, பார்சல் பில் இருக்கிறது என்றேன். பில்லை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

பிறகு கண்ணாடிக் குழாயை எடுத்தேன். பால் சொசைட்டியில் பாலில் மிதக்கவிட்டுத் தண்ணீர் பார்ப்பார்களே, அந்த ஜாதி. சர்க்கரை இருந்தால் குழாய் மேலே நிற்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கினால் குழாய் கீழே இறங்கும். ஈஸ்ட் போடுமுன் குழாயில் கோடு முப்பது. போட்டு இரண்டு நாள் கழித்து இருபத்தொன்பது. நோட்டில் தேதி போட்டு எழுதியிருந்தேன். பழைய சோற்று நீராகாரத்தில் இருக்கிற அளவுகூட இதில் இல்லை என்றேன். ஏட்டு குழாயைத் தானே மிதக்கவிட்டுப் பார்த்தார். இருபத்தொன்பது. சாம்பிள் பாட்டில் ஒன்று எழுதி வாங்கிக்கொண்டார். இன்னொன்றைத் திறந்து அரை கிளாஸ் குடித்தார். காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார். "பெரியவரே, இதுக்குக் கேசு போடணும்னா ஒரே கேசுதான். பீருன்னு சொல்லி நம்ப வச்சு ஏமாத்துன கேசு."

மயில்

இனி சிரிக்கிற கதை இல்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பேத்திக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற விசேஷம். இரண்டு பேரும் திருச்சிக்குப் போனோம். போகிற காலையில்தான் புது டிரம்மில் ஈஸ்ட் போட்டிருந்தேன். மறுநாளே திரும்பிவிடலாம் என்று கணக்கு. மாப்பிள்ளை வீட்டார் விடவில்லை. மூன்றாம் நாள் நான் மட்டும் கிளம்பினேன். அவள் இன்னும் இரண்டு நாள் இருப்பதாகச் சொன்னாள். ஊரில் இறங்கினால் தெருவில் ஒரு ஃபேன் ஓடவில்லை. நாங்கள் போன அன்றே மயில் ஒன்று டிரான்ஸ்பார்மரில் மோதி, மயிலும் போய் டிரான்ஸ்பார்மரும் போய், இன்னும் மாற்றி முடியவில்லை. எங்கள் பக்கம் மயில் காக்கை மாதிரி சர்வசாதாரணம்.

பெட்டியைத் திறந்தேன். வெதுவெதுப்பு. டிரம் மூடி தானாகவே பொங்கி நின்றது. குழாயை மிதக்கவிட்டேன். மூழ்கியது என்றே சொல்லலாம். எட்டு. முப்பதில் இருந்து எட்டு. அசல் பீர், இருபது லிட்டர். வாசனையைச் சொல்கிறேன், நம்புங்கள். கம்பெனியில் இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு வாசனை நான் பார்க்கவில்லை. நார்த்தங்காய் முன்னால், கசப்பு பின்னால், நடுவில் ரொட்டி சுட்ட மணம். கிளாஸில் ஊற்றினேன். நுரை விரல் உயரத்துக்கு நின்றது. வீட்டில் யாரும் இல்லை. ஊதச் சொல்ல ஆள் வர இரண்டு நாள் இருக்கிறது. ஆணியில் பை இல்லை, அவள் எடுத்துப் போயிருந்தாள். கிளாஸ் உதட்டுக்கு வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. நுரை முழுக்க அடங்கிவிட்டது. அதுவரை நின்றிருக்கிறேன்.

கிளாஸை டிரம்மிலேயே கவிழ்த்தேன். டிரம்மைக் கொல்லைக்கு இழுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. நார்த்தை மரத்தடியில் மொத்தத்தையும் சாய்த்தேன். ஈஸ்ட் பொட்டலம், பதினாறு நாள் காத்திருப்பு, எல்லாம் மண்ணில் நுரைத்துக்கொண்டு இறங்கியது. நிமிர்ந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் பழனியம்மாள். கையில் துவைக்கிற துணி. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாத்துண்ணே, நாளைக்கு மரம் தள்ளாடிக்கிட்டு எங்க வேலியில வந்து விழுந்துறப் போவுது."

ஊதுங்க

இரண்டு நாள் என்றவள் மறுநாளே வந்துவிட்டாள். பழனியம்மாள் அவளுக்குப் போன் போட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பையிலிருந்த சேலைகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். மாத்திரையை ஜன்னலில் வைத்தாள். பையை உதறி மடித்து, அதில் வெங்காயம் போட்டாள். சாயங்காலம் வழக்கம்போல் எதிரே போய் நின்றேன். "அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க, எனக்குச் சோலி இருக்கு" என்று கடந்து போனாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் எதிரே இருந்தும் ஊதாமல் சாப்பிட்டேன்.

கரண்ட் வந்தது. ஈஸ்ட் மறுபடி பார்சலில் வந்தது. இந்தத் தடவை பெட்டிக்கு இன்வெர்ட்டர் போட்டேன். பக்கத்திலேயே நாற்காலி போட்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். வடிகட்டி, சுட வைத்து, குளிரவைத்து, ராசு கடைக்குக் கொண்டுபோனேன். ராசு பாதி கேஸ்தான் அடித்தார். பாட்டிலை மேசையில் வைத்தேன். கண்ணாடிக் குழாயையும் வைத்தேன். ஆரோக்கியமேரி மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நோட்டையும் குழாயையும் தானே பார்த்தாள். "முப்பது. இருபத்தொம்போது" என்று வாய்விட்டுப் படித்தாள். இரண்டு கிளாஸ் எடுத்து வந்தாள். எனக்கு ஒன்று, வேடிக்கை பார்க்க வந்திருந்த பழனியம்மாளுக்கு ஒன்று என்று நினைத்தேன். ஒன்றை அவளே எடுத்தாள். இத்தனை வருஷத்தில் நான் வேலை பார்த்த சாமானை அவள் வாயில் வைத்ததில்லை. ஒரு மடக்கு. முகம் சுளித்தாள். இன்னொரு மடக்கு. கிளாஸைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இந்தக் கசப்புக்கா இருபத்தாறு வருசம் என்னை இங்கிட்டு ஒத்தையில போட்டுட்டு அங்கிட்டுக் கெடந்தீங்க?"

லாகர் என்றால் கிடப்பில் போட்டு வைப்பது என்று சிங்கப்பூரில் எனக்குச் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கிடப்பில் போட்டது பீரை மட்டும் இல்லை என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.